லால்பாக்கைப் பருவம் பார்த்து நடப்பது: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பெங்களூருக்குக் குடிவருகிறவர்களில் பலர் லால்பாக் தாவரவியல் பூங்காவை முதன்முதலாகப் பார்ப்பது மலர்க் கண்காட்சி நடக்கும் ஒரு விடுமுறை நாளில்தான். கூட்டத்தில் நெருக்குண்டு, கண்ணாடி மாளிகைக்குள் பூக்களால் அமைத்த உருவத்தை மற்றவர்களின் தலைகளுக்கு மேலே கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்து, வெளியே வந்ததும் ‘லால்பாக் பார்த்தாயிற்று’ என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். 240 ஏக்கர் பரப்புள்ள ஒரு தோட்டத்தில் அவர்கள் பார்த்தது ஒரு கட்டடத்தையும் அதைச் சுற்றியிருந்த முதுகுகளையும் மட்டுமே. இங்கே உண்மையான கண்காட்சியை நடத்துபவை மரங்கள். அவை ஆண்டு முழுவதும், ஒன்று ஓய்ந்ததும் மற்றொன்று என்று முறைவைத்துப் பூக்கின்றன; அந்த முறையை அறிந்து, ஒரு நாள் முழுவதும் சுற்றுவதற்குப் பதிலாக ஆண்டில் ஐந்தாறு முறை இரண்டிரண்டு மணி நேரம் நடப்பவருக்கே இத்தோட்டம் பிடிபடும். அப்படி நடக்கத் தொடங்குவோருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நடப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சிறிது வரலாறு

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் இது. அவர் மகன் திப்பு சுல்தான் இதை விரிவுபடுத்தி, பல நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் தருவித்தார். அவர் காலத்தவை என்று சொல்லப்படும் மாமரங்கள் இன்றும் உள்ளே இருக்கின்றன. தமிழ் வேர்களைக் கொண்ட திகளர் சமூகத்தினர் இந்நகரின் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பெயர்பெற்றவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்வது பொருத்தம். சித்திரா பௌர்ணமியை ஒட்டி நகரின் பழைய பேட்டைப் பகுதியில் நடைபெறும் கரகத் திருவிழா அவர்களுடையது. 1856-இல் இத்தோட்டம் அரசுத் தாவரவியல் பூங்கா ஆயிற்று. 1874-இல் பொறுப்பேற்ற ஜான் கேமரன் என்பவரின் காலத்தில், லண்டன் படிகமாளிகையை மாதிரியாகக் கொண்ட கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் வார்ப்பிரும்புச் சட்டங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டு இங்கே கொண்டுவந்து பூட்டப்பட்டன. நம் வீடுகளில் கூட்டுக்கும் பொரியலுக்கும் ஆகும் சௌசௌ இப்பகுதியில் பரவியதும் கேமரன் காலத்தில் இத்தோட்டத்தின் வழியாகத்தான் என்று சொல்லப்படுகிறது.

பருவம் பார்த்து நடப்பவருக்கு இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர் 1908-இல் வந்து சேர்ந்த குஸ்தாவ் ஹெர்மன் கிரம்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர். நகரில் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துடன், வெவ்வேறு காலங்களில் பூக்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்துத் தெருக்களிலும் பூங்காக்களிலும் நடச்செய்த முறை அவருடைய பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. தென் அமெரிக்கா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, மியான்மர் என்று வெவ்வேறு நிலங்களிலிருந்து வந்த மரங்கள் தத்தம் நாள்காட்டியை விடாமல் வைத்திருப்பதாலும், ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் கடும் குளிரோ கடும் வெயிலோ அவற்றைக் குலைக்காததாலும் அந்த எண்ணம் பலித்தது. ஆகவே, நீங்கள் எந்த மாதத்தில் நடக்கிறீர்கள் என்பது நீங்கள் எந்தக் கண்டத்தின் மரத்தைப் பூவோடு பார்க்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் நடையை அமைத்துக்கொள்ளும் விதம்

முதல் நடையில் பூவைத் தேட வேண்டாம். இடத்தைத் தெரிந்துகொள்வதே போதும். தோட்டத்துக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உள்ளன. 2017-இல் திறக்கப்பட்ட பச்சை வழித்தட மெட்ரோவின் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாயிலைச் சில நிமிட நடையில் அடையலாம். சொந்த வண்டியில் வந்து இடம் தேடி அலைவதைவிட இதுவே நிம்மதியானது. ஆனால் முதல் முறை வருபவர் பிரதான வாயிலான வடக்கு வாயில் வழியாக நுழைவதையே நான் பரிந்துரைப்பேன். பாறை, பூக்கடிகாரம், கண்ணாடி மாளிகை என்று அங்கிருந்து தோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால், பின்னர் எந்த வாயிலில் நுழைந்தாலும் திசை குழம்பாது.

காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள் உள்ளே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முந்திய இரவில் உதிர்ந்த பூக்கள் பெருக்கப்படாமல் கிடப்பதும், பறவைகள் கீழ்க்கிளைகளில் இரை தேடுவதும் அந்த நேரத்தில்தான். நுழைவுக் கட்டணமும், நடைப்பயிற்சியாளர்களுக்கான சலுகை நேரமும், படக்கருவிக்கான விதிகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பழைய தகவலை நம்பாமல் வாயிலில் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிடுங்கள். குடிநீரை நிரப்பிய எவர்சில்வர் பாட்டிலும், பிடிமானமுள்ள செருப்போ காலணியோ இருந்தால் போதும். தின்பண்டப் பொட்டலங்களோடு உள்ளே போவதைத் தவிர்த்து, நடை முடிந்தபின் வெளியே சாப்பிடுவதே நல்லது. வடக்கு வாயிலுக்கு அருகில் 1924 முதல் இயங்கிவரும் எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது, ஞாயிறு காலைகளில் அங்கே காத்திருக்கும் வரிசை தோட்டத்துக்குள் நடக்கும் நேரத்தையும் மிஞ்சிவிடும் என்பதால் வார நாளைத் தேர்ந்தெடுங்கள்.

வழி கேட்பதற்குச் சில கன்னடச் சொற்கள் உதவும்: கண்ணாடி மாளிகையைக் ‘காஜின மனே’ என்றும், ஏரியைக் ‘கெரே’ என்றும், பாறையை ‘பண்டே’ என்றும் கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்கும் ஊர்தான் இது. இருப்பினும் முதல் சொல்லைக் கன்னடத்தில் தொடங்குவது மரியாதை.

வாயிலிலிருந்து நேராகப் பாறைக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள தீபகற்ப நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை அது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, அதற்கான கல்வெட்டும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் உச்சியில் நிற்கும் சிறிய மண்டபம், பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் பெயரால் அறியப்படும் நான்கு எல்லைக் கோபுரங்களில் ஒன்று. ஒரு காலத்தில் நகரின் எல்லையைக் குறித்ததாகச் சொல்லப்படும் அந்தக் கோபுரத்தின் அருகே நின்று, இப்போது நகரம் எத்திசையில் முடிகிறது என்று தேடிப் பார்ப்பது புதிதாக வந்தவருக்கு இந்த ஊரைப் பற்றிய முதல் பாடம். அங்கிருந்து இறங்கிக் கண்ணாடி மாளிகைக்கும், அதன் சுற்றுப்புறத்தில் கூம்பாக உயர்ந்து நிற்கும் நியூ கலிடோனியத் தீவின் அரக்கேரியா மரங்களுக்கும் சென்று, பின்னர் பெருமரங்களின் நிழல் வழியாகத் தெற்குப் பகுதியிலுள்ள ஏரிக்கரையை அடைந்து, மேற்கு வாயிலில் வெளியேறினால் ஒரு முழுச் சுற்று ஆகிறது. விரைந்து நடந்தால் ஒரு மணி நேரம். நின்று பார்த்தால் இரண்டு.

இந்த முதல் சுற்றில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. வழியில் ஐந்தாறு மரங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்க்கும் மரம் ஒன்று, என்றும் பசுமையாக இருப்பது ஒன்று, பலகை போன்ற வேர்களோடு நிற்கும் பழைய இலவமரம், ஏரிக்கரையில் ஒன்று என்று வகைக்கொன்றாக இருக்கட்டும். பல மரங்களில் தாவரவியல் பெயரும் தாயகமும் எழுதிய பலகை பொருத்தப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் தேடிப் படிக்க முடியும். அடுத்தடுத்த பருவங்களில் எங்கே சுற்றினாலும் இந்த மரங்களை மட்டும் தவறாமல் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். தோட்டம் மாறுகிறது என்று பொதுவாகச் சொல்வதற்கும், இந்த மரத்தில் மாசியில் ஓர் இலைகூட இல்லை, ஆனியில் உச்சி தெரியாத அளவுக்கு இலை என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பழக்கம்தான் தரும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை: மேலே பார்த்து நடக்கும் காலம்

ஆண்டில் ஒரே ஒரு பருவத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்பவர்களுக்கு மாசியையும் பங்குனியையும் தயங்காமல் சொல்வேன். பனி விலகி, வெயில் இன்னும் ஏறாத இந்த வாரங்களில்தான் பூமரங்களின் பெரும் வரிசை தொடங்குகிறது. முள்ளிலவு மரங்களில் இலைகள் முற்றிலும் உதிர்ந்து, தடித்த இதழ்களோடு சிவந்த பூக்கள் வெறுங்கிளைகளில் அமர்ந்திருக்கும். அவற்றின் தேனுக்காக மைனாக்களும் காகங்களும் அணில்களும் காலை முழுவதும் சண்டையிடும். அதை அடுத்து டபீபூயா மரங்கள். இளஞ்சிவப்பு வகைகள் சில மார்கழியிலேயே தொடங்கிவிடும் என்றாலும், தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் டபீபூயா உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும்தான். மரம் முழுவதும் ஒரே நேரத்தில் பூத்து, சில நாட்களிலேயே பெரும்பகுதியை உதிர்த்துவிடுவதால், ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று தள்ளிப்போடுபவர் வெறுங்கிளையைத்தான் பார்ப்பார். நகரத் தெருக்களில் டபீபூயா பூத்திருப்பதை அலுவலகம் செல்லும் வழியில் கண்டால், அந்த வாரத்திலேயே லால்பாக்குக்கு வந்துவிடுவது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் ஜகரண்டா சேர்ந்துகொள்ளும். அர்ஜென்டினா, பொலிவியா பகுதிகளைச் சேர்ந்த இம்மரத்தின் ஊதா நிறம் உச்சிவெயிலில் வெளிறித் தெரியும்; சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை நேரங்களில்தான் அதன் ஆழம் கண்ணுக்குக் கிடைக்கும். நம் ஊர் மரமான புங்கம் இதே காலத்தில் பழைய இலையை உதிர்த்துப் பளபளக்கும் இளம்பச்சைத் தளிரும், வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பொடிப்பூக்களுமாக நிற்கும். வெளிநாட்டு மரங்களின் ஆர்ப்பாட்டத்தில் புங்கத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்குச் சிறு வருத்தம். அதன் அடியில் உதிர்ந்த பூக்கள் பொரி இறைத்ததுபோல் பரந்து கிடக்கும் காட்சிக்கு ஈடாக அந்த மாதத்தில் வேறொன்றும் இல்லை. மியான்மரைத் தாயகமாகக் கொண்ட ஆம்ஹெர்ஸ்டியா என்ற அரிய மரமும் இப்பருவத்தில்தான் செந்நிறப் பூங்கொத்துகளைச் சரமாகத் தொங்கவிடும். அது பூத்திருக்கிறதா, எங்கே நிற்கிறது என்று தோட்டப் பணியாளர்களிடம் கேட்டுச் செல்லுங்கள், தானாகத் தேடினால் அகப்படாது.

இலையில்லாத கோடையின் வாசலில் இத்தனை மரங்கள் ஏன் பூக்கின்றன என்று நடக்கும்போது தோன்றும். மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்ப்பது நீரிழப்பைக் குறைக்கிறது; மறைக்க இலை இல்லாததால் பூக்கள் தேனீக்களுக்கும் பறவைகளுக்கும் தொலைவிலிருந்தே தெரிகின்றன; இப்போது பூத்தால் காய் முற்றி விதை விழும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் தேர்ந்தெடுத்த மரங்களைப் பார்த்தால், எது உதிர்க்கிறது, எது உதிர்க்கவில்லை என்பதற்கும் காரணம் விளங்கத் தொடங்கும்.

காதுக்கும் இப்பருவத்தில் வேலை உண்டு. ‘குட்ரூ, குட்ரூ’ என்று விடாமல் ஒலிக்கும் குரல் குக்குறுவானுடையது. இலைப் பச்சையில் இருக்கும் அப்பறவையை இலையடர்ந்த மாதங்களில் கண்டுபிடிக்க முடியாது. வெறுங்கிளை மரங்கள் உள்ள இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே: நிழலைப் பின்தொடரும் காலம்

நகரத்தின் வெப்பம் மிகுந்த மாதம் ஏப்ரல். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர்கள் 33, 34 டிகிரியைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இந்த உயரத்தில் வெயில் நேரடியாகச் சுடும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் பாறையில் ஏற வேண்டாம். இப்பருவத்துக்கான நடைவழி வேறு. பாறையை விட்டுவிட்டு, மேற்கு வாயிலில் நுழைந்து, ஏரிக்கரையையும் பெருமரங்களின் நிழலையும் ஒட்டியே சுற்றி வர வேண்டும்.

மடகாஸ்கரின் மயில்கொன்றை, தென்கிழக்காசியப் பகுதியிலிருந்து வந்த பெருங்கொன்றை, நம் சரக்கொன்றை ஆகிய மூன்றும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பது இப்போதுதான். சித்திரைக் கனிக்குக் கொன்றைப்பூ தேடும் வீடுகளுக்கு ஒரு சொல்: உள்ளே உதிர்ந்து கிடப்பதைக்கூட எடுத்துச் செல்லாதீர்கள், பறிப்பது குற்றம், வெளியே சந்தையில் கிடைக்கும். தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் மாலையில் சிறிது நேரம் நில்லுங்கள். குடையாக விரிந்த அதன் கிளைகளில் இலைகள் ஒளி குறையக் குறைய மடிந்துகொள்வதால், பகலில் அடர்ந்த நிழல் தந்த அதே மரம் அந்தியில் வானத்தை வழிவிட்டுக் காட்டும். நாகலிங்க மரம் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பூப்பது என்றாலும், மற்றப் பூக்கள் வெயிலில் வாடும் இந்நாட்களில் அதன் மணம் தனித்துத் தெரியும். பூ கிளைநுனியில் இல்லாமல் அடிமரத்திலிருந்தே தொங்கும் சரங்களில் இருப்பதால், குழந்தைகளுக்கு அருகில் நின்று காட்ட ஏற்ற மரம் அது. காய்கள் பீரங்கிக் குண்டளவு கனமானவை. நேர் கீழே நிற்க வேண்டாம்.

பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டும் கோடைமழை இம்மாதங்களின் வழக்கம். அதற்கு முன்வரும் காற்றுதான் ஆபத்து. பழைய மரங்களின் கிளைகள் முறிந்து விழக்கூடும். மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால், மரத்தடியில் ஒதுங்காமல் வாயிலை நோக்கியோ கூரையுள்ள கட்டடத்தை நோக்கியோ நகர்ந்துவிடுங்கள். மழை நின்ற மறுநாள் காலை, கழுவிவிட்ட தோட்டத்தில் நடப்பது கோடையின் மிகச் சிறந்த நடை. மே, ஜூன் மாதங்களில் மாம்பழ, பலாப்பழ மேளா இங்கே நடத்தப்படுவது வழக்கம். கர்நாடகத்தின் பல மாவட்ட விவசாயிகள் நேரடியாக விற்பதால் பை கொண்டு செல்லுங்கள், ஆனால் நடையை முடித்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: கீழே பார்த்து நடக்கும் காலம்

கேரளக் கரையைப் போல நாள்கணக்கில் கொட்டும் மழை இங்கே இல்லை. ஜூனிலும் ஜூலையிலும் மேகமூட்டமும் காற்றும் விட்டுவிட்டுத் தூறலுமாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை வலுத்து, பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் பெய்யும். எனவே காலை நடைக்கு மழைக்காலம் தடையல்ல. வெயிலே இல்லாத வானத்தின் கீழ் எந்நேரமும் நடக்க முடிகிற ஒரே பருவமும் இதுவே. குடையைவிடத் தொப்பியுள்ள மழைச்சட்டை வசதியானது. தாழ்ந்த கிளைகளின் கீழ் குடை சிக்கும்.

பாறையை இப்போது கவனமாக அணுக வேண்டும். ஈரமான பாறையின் மேல் பாசிப் படலம் வழுக்கும். பிடிமானமில்லாத செருப்போடு ஏறி இறங்குவது வீண் துணிச்சல். ஆனால் ஏறாமலே பார்க்க நிறைய இருக்கிறது. மழை கழுவிய நைஸ் பாறையில் வெளிர் நிறமும் கருநிறமும் மாறி மாறி ஓடும் பட்டைகள் உலர்ந்த நாட்களில் காண்பதைவிடத் தெளிவாகத் தெரியும். பள்ளங்களில் தேங்கிய நீரைச் சுற்றிச் சிறு புற்களும் பாசியும் முளைத்திருக்கும். பழைய மரத்தண்டுகளில் காளான்கள், இலவமரத்தின் பலகைவேர்களுக்கு இடையே தேங்கிய ஈரம், பட்டைகளில் ஒட்டியிருக்கும் மரப்பாசியின் வெளிர்பச்சை என்று இப்பருவத்தின் செல்வங்கள் எல்லாம் இடுப்புக்குக் கீழேதான் இருக்கின்றன. தோட்டத்தில் வைக்கப்பட்டிருக்கும் கல்மரத்தைப் பார்க்கவும் இது தோதான காலம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்த மரப் புதைபடிவம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது. நனைந்திருக்கும்போது அதன் மரவரிகள் நன்றாகத் துலங்கும்.

ஆகஸ்டில் சுதந்திர நாளை ஒட்டி ஏறத்தாழ பத்து நாட்களுக்கு மலர்க் கண்காட்சி நடைபெறும். இதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. பார்க்கும் முறை ஒன்று உண்டு. தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வரும் வேலை நாள் ஒன்றில், வாயில் திறந்தவுடன் செல்லுங்கள். பூக்கள் அப்போதுதான் வாடாமல் இருக்கும், கூட்டமும் குறைவு. விடுமுறை நாட்களிலும் நிறைவு நாளிலும் போகாதீர்கள். அந்நாட்களில் கட்டணம் கூடுதல், சுற்றுச் சாலைகளில் வண்டி நிறுத்தத் தடை, உள்ளே ஒருவழி வரிசை. மெட்ரோவைத் தவிர வேறு எதிலும் வர வேண்டாம். கண்ணாடி மாளிகையைப் பார்த்து முடித்தவுடன் கூட்டம் போகும் திசைக்கு எதிராக ஏரியை நோக்கி நடந்தால், பத்தே நிமிடத்தில் தனியாக இருப்பீர்கள்.

அக்டோபர், நவம்பர்

பெங்களூரின் மழை மிகுந்த வாரங்கள் பல செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வருவதால், இப்பருவத்தில் திட்டமிட்டு வருவதைவிட விடியலில் வானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதே சரி. ஒரே ஒரு காரணத்துக்காகவாவது ஒருமுறை வந்துவிடுங்கள்: மரமல்லி. நீண்ட குழலோடு கூடிய அதன் வெள்ளைப் பூக்கள் இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால், ஏழு மணிக்கு முன் வருபவருக்கே தரையிலிருந்து மணம் எழும்பும். ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் செம்மஞ்சள் பூக்களும் இந்நாட்களில் உச்சிக் கிளைகளில் தெரியும். கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, அருகிலுள்ள பசவனகுடியில் நந்தி கோயிலைச் சுற்றி நடைபெறும் கடலைக்காய்ச் சந்தையையும் அன்றைய நடையோடு சேர்த்துக்கொண்டால், மேற்கு வாயிலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

டிசம்பர், ஜனவரி: ஏரிக்கரைக்கு உரிய காலம்

காலை வெப்பநிலை 15 டிகிரி வரை இறங்கும். சமவெளியிலிருந்து வந்தவர்கள் ஸ்வெட்டரோ சால்வையோ எடுத்துக்கொள்வது நல்லது, ஒன்பது மணிக்குள் கழற்றிவிடுவீர்கள். இப்பருவத்தில் நேராக ஏரிக்குச் செல்லுங்கள். நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்வதையும், கொக்குகளும் நாமக்கோழிகளும் கரையோரச் செடிகளுக்குள் இரை தேடுவதையும், சில நாட்களில் கூழைக்கடாக்கள் நீரில் மெல்ல நகர்வதையும் காணலாம். வடக்கிலிருந்து வலசை வரும் சிறு பறவைகளும் இப்போது மரங்களில் இருக்கும். பச்சைக் கதிர்க்குருவியின் கூரிய ஒற்றைக் குரலைக் கேட்டுப் பழகிவிட்டால் தோட்டத்தின் எந்த மூலையிலும் அது கேட்கும், கண்ணுக்கு அகப்படுவதுதான் கடினம். சாம்பல் கரிச்சான், நீரோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டி ஆகியவை தொடக்கக்காரருக்கு எளிதானவை. பழைய மரப்பொந்துகளின் வாயிலில் புள்ளி ஆந்தை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அருகே போய்க் கைப்பேசி வெளிச்சத்தை அடிக்காதீர்கள், தொலைநோக்கி இருந்தால் அதுவே போதும்.

பாறையின் உச்சிக்கு ஏறுவதற்கும் இதுவே சிறந்த பருவம். எட்டு மணி வரை மூட்டம் இருக்கலாம். அது விலகிய பிறகு ஏறினால் நகரத்தின் கட்டட வரிசை நெடுந்தொலைவு தெரியும். குடியரசு நாள் மலர்க் கண்காட்சி ஜனவரியின் பிற்பாதியில் வரும்; ஆகஸ்டுக்குச் சொன்ன முறையே இதற்கும் பொருந்தும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் மழைச் சேறு இல்லை, இளஞ்சிவப்பு டபீபூயாக்கள் சிலவும் வெளியே பூத்திருக்கும்.

முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வருபவர்கள்

பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில்தான் பலர் லால்பாக்கை நினைக்கிறார்கள். அவர்களை முழுச் சுற்று நடக்க வைக்காதீர்கள். தோட்டத்துக்குள் இயங்கும் மின்கல வண்டியில் முதலில் ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, பிறகு அவர்களுக்குப் பிடித்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கி அரைமணி நேரம் அமரச் செய்வது நல்லது. கிராமத்திலிருந்து வந்த பெரியவர்களுக்குப் பூப்பாத்திகளைவிடப் பழைய மாமரங்களும் புங்கமும்தான் பேச்சுக்கு வழிவகுக்கும். குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: உதிர்ந்த இலைகளில் ஐந்து வெவ்வேறு வடிவங்களைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். கழிவறைகள் எல்லா மூலைகளிலும் இல்லாததால், நுழையும்போதே அவை எங்கே இருக்கின்றன என்று பலகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வர முடிகிறவர்கள் மார்ச் இரண்டாம் வாரத்தில், வேலை நாளில், காலை ஆறரை மணிக்கு மேற்கு வாயிலில் நுழைந்து, ஏரி, பெருமரங்கள், கண்ணாடி மாளிகை, பாறை என்று மேலே சொன்ன சுற்றைத் தலைகீழாக நடந்து, எட்டரைக்குள் வடக்கு வாயிலில் வெளியேறினால், வெயில் ஏறுவதற்குள் பாறையையும் பார்த்து, சிற்றுண்டி நேரத்துக்கும் சரியாகப் போய்ச் சேரலாம்.